மரத்தடியும் மக்தபும்

பெற்றோர் மீது பிள்ளைகளுக்கு உள்ள ஹக்குகள் யாவை என்று கேட்டால் நம்மவர்கள் விரல் விட்டுச் சொல்லிவிடுவார்கள். நல்ல பெயர் சூட்டுவது, அகீகா கொடுப்பது, ஹலாலான உணவை ஊட்டுவது, குர்ஆன் ஓதக் கொடுப்பது, உரிய வயதில் மணம் முடித்து வைப்பது. எல்லாம் சரிதான். ஆனால் இந்தப் பட்டியலில் நாம் சேர்க்க மறந்துவிட்ட ஹக்கு ஒன்று உண்டு. நாள்தோறும் சிறிது நேரமாவது திறந்த வானத்தின் கீழே, பச்சை மரத்தின் நிழலிலே, மண்ணில் கால் பதித்து ஓடியாடும் உரிமையே அது. பிள்ளையின் ஓதல், அறிவு, கண், உடல் ஆகிய அனைத்தோடும் ஒட்டிய விஷயம் இது. இந்த மாதப் பாடமாக அதையே எடுத்துக் கொள்வோம்.

ஒரு ஜன்னலின் கதை

நாம் ஓதிக் கொடுக்கும் மக்தப், காஞ்சிபுரத்தின் தென்கோடியில் பாலாற்றங்கரையை ஒட்டிய ஓரிக்கைப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஓரிக்கை தனிக் கிராமம். பின்னர் நகரோடு இணைந்தது. 2021-இல் காஞ்சிபுரம் மாநகராட்சியும் ஆயிற்று. வயல் இருந்த இடங்களில் இன்று மனைப்பிரிவுக் கற்கள் நிற்கின்றன. பள்ளிவாசலை ஒட்டிய நீண்ட அறைதான் நமது மக்தப். அதற்கு ஜன்னல் ஒன்றே ஒன்று. ஜன்னலுக்கு அப்பால் பள்ளிவாசலுக்குச் சொந்தமான நான்கு சென்ட் காலிமனை. அதில் ஒரு பெரிய புங்க மரம். சுவரோரம் ஒரு பூவரசு.

வேலைக்கு வந்த முதல் சில ஆண்டுகள் அந்த ஜன்னலை நாம் சாத்தியே வைத்திருந்தோம். திறந்திருந்தால் பிள்ளைகளின் கண் ஓதும் பக்கத்தை விட்டு அணிலின் பின்னே போய்விடும். "குர்ஆனைப் பார், வெளியே என்ன பார்வை?" என்று அதட்டுவோம்; பிரம்பால் பலகையைத் தட்டுவோம். அதுவே ஒழுங்கு, அதுவே தர்பியத் என்று எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் தவறு என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

ஒருநாள் எட்டு வயதுப் பையன் ஒருவன் மூன்றாவது நாளாக அதே பக்கத்தில் தடுமாறினான். பக்கத்தில் அமர்த்தி அவனது நாளைக் கேட்டோம். காலை ஆறு மணிக்கு மக்தப். ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம். ஐந்து மணிக்கு டியூஷன். மஃரிபுக்குப் பின் மறுபடியும் மக்தப்.

"அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே எங்கே விளையாடுவாய்?"

"அது டியூஷன் நேரம் ஹஜ்ரத்."

"ஞாயிற்றுக்கிழமை?"

"போன்ல விளையாடுவேன் ஹஜ்ரத்."

ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்கு! வாரம் முழுவதும் அந்தப் பிள்ளையின் தலைமீது வானம் இருப்பது நடந்து போகும் சில நிமிடங்கள் மட்டுமே. அவனைக் கேட்ட பிறகு மற்றப் பிள்ளைகளையும் கேட்டோம். பெரும்பாலும் அதே பதில்தான்.

அந்தக் கோடையில் மின்சாரம் நின்று அறை வெந்தபோது, வேறு வழியின்றிப் பிள்ளைகளைப் புங்க மரத்தடிக்கு அழைத்துச் சென்று பாய் விரித்தோம். கூச்சல் மிகும் என்று அஞ்சினோம். கால்மணி நேரம் ஓட விட்டு, ஒளுச் செய்து வரச் சொல்லி உட்கார வைத்தபோது, அறையில் நாம் அதட்டி வாங்காத அமைதி அங்கே தானாக வந்தது. தடுமாறிய பையன் ஒரே நாளில் ஹாபிஸாகிவிடவில்லை. அன்றும் இரண்டு இடங்களில் தவறினான். ஆனால் தவறியபோது அழாமல், தானே திருத்திக் கொண்டு மேலே ஓதினான். அந்த வித்தியாசம் நம்மை யோசிக்க வைத்தது.

இப்போது அந்த மனையில் வாடகைக் கடைகள் கட்டலாமா என்ற யோசனை ஜமாஅத்தார் முன்னே இருக்கிறது. அதனாலேயே இப்பாடத்தை இப்போது எழுதுகிறோம். இது ஓரிக்கைக்கு மட்டும் உரிய பேச்சன்று; வாசகர்களின் மஹல்லாக்களிலும் இத்தகைய ஒரு மனையும் இத்தகைய ஒரு யோசனையும் இருக்கக்கூடும்.

தறிக்குழியில் இருந்த பிள்ளைகள்

காஞ்சிபுரம் பட்டுக்குப் பெயர் போன ஊர். உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் நெய்து இரண்டையும் கோத்துவிடும் 'கோர்வை'ச் சேலைதான் இவ்வூரின் பெருமை. குழித்தறியில் அச்சேலையை நெய்ய ஒருவர் போதாது. நெய்பவருக்குப் பக்கத்தில் அமர்ந்து கரைக்குரிய நாடாவை எறிய இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் நெடுங்காலம் பிள்ளையாகவே இருந்தார். குடும்பத்தின் கஷ்டத்துக்கு முன்பணம் வாங்கிக் கொண்டு பிள்ளையைத் தறிக்கு விட்ட வீடுகள் பல. 1986-இல் சிறுவர் உழைப்புத் தடைச் சட்டம் வந்தது. அதன் பின்னும் வழக்கம் எளிதில் ஓயவில்லை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் அமைப்பு 2003-இல் இந்தியப் பட்டுத் தொழிலில் சிக்கிய கொத்தடிமைச் சிறுவரைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது.

நம்மோடு மூன்றாம் வகுப்புவரை படித்த தோழன் ஒருவன் அவ்வாறு தறியில் உட்கார்ந்தவன்தான். இன்று அவன் வேறு தொழில் செய்கிறான். "காலையிலே உள்ளே போனால் சாயங்காலம் வெளியே வரும்போது கண் கூசும்; அப்பதான் இன்னிக்கு வெயில் அடிச்சதே தெரியும்" என்று ஒருமுறை சொன்னான். அரசும் தொண்டு நிறுவனங்களும் நல்ல மனமுள்ள நெசவாளரும் சேர்ந்து பாடுபட்டதால் அந்நிலை பெருமளவு மாறியது. பிள்ளைகள் தறிக்குழியிலிருந்து எழுந்து பள்ளிக்கூடம் சென்றார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். தறிக்குழியிலிருந்து எழுப்பிய பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தோமா, அல்லது இன்னோர் அறைக்கு மாற்றினோமா? அங்கே நாடா எறிந்த கை இங்கே பேனா பிடிக்கிறது. அது பெரிய பேறுதான். ஆயினும் கண் கூசுவது அப்படியே இருக்கிறது.

பட்டு நெய்பவர்களிடமே இதற்கு ஒரு பாடம் உண்டு. நூலை வீட்டுக்குள்ளேயே வைத்து நெய்துவிட முடியாது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, கஞ்சி போட்டு, காற்றாட விட்ட பிறகே தறியில் ஏற்றுவார்கள். காற்றுப் படாத பாவு தறியில் அறுந்து போகும். நூலுக்கு வேண்டியது பிள்ளைக்கு வேண்டாமா?

மார்க்கம் காட்டும் வழி

நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மக்காவில் பிறந்தார்கள். ஆனால் அவர்களுடைய மழலைப் பருவம் கழிந்தது மக்காவின் நெருக்கமான வீடுகளில் அன்று. குறைஷிப் பெருங்குடியினர் தம் குழந்தைகளைப் பாலைவனக் கோத்திரங்களிடம் பாலூட்ட ஒப்படைப்பது வழக்கம். திறந்த வெளியின் நல்ல காற்றில் உடல் உரம் பெறும், கலப்பில்லாத அரபுச் சொல் நாவில் படியும் என்பதே அதன் நோக்கம். அவ்வாறு பனூ ஸஅத் கோத்திரத்து ஹலீமா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில், ஆட்டு மந்தைகளுக்கு நடுவே நம் நபியவர்கள் வளர்ந்தார்கள். உடல் வளர்ச்சியும் மொழி வளர்ச்சியும் வெட்டவெளியோடு சம்பந்தப்பட்டவை என்பதை அந்த அரபியர் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

நபியவர்கள் பிள்ளைகளின் விளையாட்டை எவ்வாறு நோக்கினார்கள்? அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராய் இருந்தபோது ஒரு வேலையாக அனுப்பப்பட்டார்கள். போகும் வழியில் விளையாடிக் கொண்டிருந்த சிறுவர்களிடம் நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பற்றியது. திரும்பிப் பார்த்தால் நபியவர்கள் சிரித்துக் கொண்டு நிற்கிறார்கள். அடியில்லை, அதட்டல் இல்லை. அனஸின் தம்பி அபூ உமைர், தான் வளர்த்த சிறு குருவியைப் பற்றிச் சோர்ந்திருந்தபோது, அந்தக் குருவி என்ன ஆயிற்று என்று பரிவோடு விசாரித்தார்கள். ஒரு பிள்ளையின் குருவியும் நபியவர்களுக்குப் பேசத் தகுந்த விஷயமாய் இருந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு பயணத்தில் ஓட்டப் பந்தயம் ஓடியதையும் அபூதாவூதில் காண்கிறோம். ஆகவே ஓடுவதும் ஆடுவதும் ஆண் பிள்ளைக்கு மட்டும் என்று வகுத்துவிட மார்க்கத்தில் இடமில்லை.

ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா'வில் பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தனியாகவே எழுதியுள்ளார்கள். மக்தபிலிருந்து வந்த பிள்ளைக்கு ஓதிய களைப்பு நீங்க நல்ல விளையாட்டு வேண்டும், பகலில் நடையும் அசைவும் பழக்கப்பட வேண்டும் என்பது அவர்களது கருத்து. விளையாட்டை மறுத்து ஓயாமல் பாடத்தையே திணித்தால் உள்ளம் செத்து, கூர்மை மங்கி, படிப்பிலிருந்து தப்பும் தந்திரங்களையே பிள்ளை தேடும் என்றும் எச்சரிக்கிறார்கள். இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களும் தமது 'முகத்திமா'வில், கடுமையால் வளர்க்கப்படும் மாணவன் பொய்யும் சூதும் பழகுவான் என்ற கருத்தை விளக்கியுள்ளார்கள். மத்ரஸாவில் இந்நூல்களின் பெயர்களை மனனம் செய்த நாம், ஜன்னலைச் சாத்தும்போது அவற்றை மறந்திருந்தோம்.

பார்க்கச் சொல்லும் வேதம்

இன்னுமொரு காரணம் உண்டு. அது ஓதலின் உள்ளேயே இருக்கிறது. திருக்குர்ஆன் ஓதச் சொல்வதோடு நிற்பதில்லை, பார்க்கவும் சொல்கிறது. ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் விரிந்த பூமியையும் நோக்கும்படி சூரா ஃகாஷியா தூண்டுகிறது. கனி காய்ப்பதையும் பழுப்பதையும் உற்றுப் பார்க்கும்படி சூரா அன்ஆம் பணிக்கிறது. வறண்ட பூமி மழை பட்டதும் அசைந்து உப்பிப் பயிர் முளைப்பதை, மரித்தோர் எழுப்பப்படுவதற்குச் சான்றாக சூரா ஹஜ் காட்டுகிறது.

சென்ற மழைக்காலத்தில் இந்த ஆயத்தின் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொண்டிருந்தோம். ஒரு பெண் பிள்ளை, "பூமி எப்படி ஹஜ்ரத் உப்பும்? அது என்ன பூரியா?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம், ஆனால் நம்மிடம் பதில் இல்லை. நாலைந்து நாள் கழித்து மரத்தடியில் அதே பிள்ளை குனிந்து நின்று கூப்பிட்டாள். விழுந்து கிடந்த புங்க விதை ஒன்று முளைவிட்டு, மழையில் இறுகியிருந்த மண்ணின் மேலோட்டைக் காசளவு தூக்கிக் கொண்டிருந்தது. சுற்றிலும் கீறல். அதன் கீழே வளைந்த வெளிர்ப்பச்சைத் தண்டு.

ஆண்டுக்கணக்கில் தஃப்ஸீர் ஓதிய நாம், அந்த ஆயத்தின் பொருளை அன்றுதான் கண்ணால் பார்த்தோம். அதை நமக்குக் காட்டியவள் ஒன்பது வயதுப் பிள்ளை. மரத்தடி இல்லையேல் அந்தப் பாடம் அவளுக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

இன்றைய ஆய்வுகள் சொல்வது

"இதெல்லாம் மனதுக்கு இதமான பேச்சு, படிப்புக்கு இதனால் என்ன லாபம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சில ஆய்வுகளைத் தருகிறோம்.

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் 36 தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த 2,593 பிள்ளைகளை ஓராண்டுக் காலம் ஆராய்ந்து 2015-இல் முடிவை வெளியிட்டனர். எல்லாரும் ஏழு முதல் பத்து வயது வரை உள்ளவர்கள். பள்ளிக்கூடத்தின் உள்ளும் சுற்றிலும் பசுமை மிகுந்த இடங்களில் படித்த பிள்ளைகளின் நினைவாற்றல் கூடுதலாக வளர்ந்தது, கவனமின்மை குறைந்தது. பசுமை மிகுந்த இடத்தில் வாகனப் புகை குறைவாக இருப்பது இதற்கு ஒரு பகுதிக் காரணம் என்றும் கண்டனர்.

நாம் சாத்தி வைத்த ஜன்னலுக்கும் ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர் 94 பேரை மூன்று வகை அறைகளில் அமர்த்தினர். ஒன்றில் ஜன்னலே இல்லை. ஒன்றில் ஜன்னல் வழியே கட்டடம் தெரியும். மற்றொன்றில் மரஞ்செடி தெரியும். பாடவேலைக்குப் பின் சிறிது ஓய்வு கொடுத்துச் சோதித்தபோது, பசுமை தெரிந்த அறையில் இருந்தவர்களுக்கே களைத்த கவனம் நன்கு மீண்டது. 2016-இல் வெளியான இவ்வாய்வில் கவனிக்க வேண்டியது, பலன் ஓய்வுக்குப் பின்னரே தெரிந்தது என்பதாகும். எழுத்தின் மீது வலிந்து நிறுத்தும் கவனம் கிணற்று நீர் போன்றது; இறைக்க இறைக்க வற்றும். இலை அசைவதையும் அணில் ஓடுவதையும் பார்க்கும்போது மனம் வருந்தாமல் விழித்திருக்கிறது. அந்நேரத்தில் கிணறு ஊறிக் கொள்கிறது.

கண்ணைப் பற்றியும் அறிய வேண்டும். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளை எடுத்து, அவற்றுள் ஆறில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளிப்புற வகுப்பு வைத்தனர். மூன்றாண்டு முடிவில், அப்பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர். மற்றவற்றில் ஏறத்தாழ 40 பேர். பகல் வெளிச்சம் கண்ணின் உட்திரையில் சுரக்கச் செய்யும் ஒரு பொருள், கண் அளவுக்கு மீறி நீண்டு போகாமல் தடுக்கிறது என்று அறிஞர்கள் கருதுகின்றனர். நமது மக்தபில் மூக்குக் கண்ணாடி அணிந்த பிள்ளைகள் ஆண்டுதோறும் கூடி வருவதைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு நெஞ்சில் தைக்கிறது.

"மண்ணில் விளையாடினால் நோய் வரும் ஹஜ்ரத்" என்று தாய்மார்கள் சொல்வார்கள். அசுத்தம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு தொற்றும் என்பது உண்மையே. அதற்காகத்தான் பள்ளிக்கூடங்களில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கிறார்கள். ஆனால் சுத்தமான மண் பகையன்று. பின்லாந்து நாட்டில் மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள 75 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. சில குழந்தைக் காப்பகங்களின் முற்றத்தில் காட்டு மண்ணும் புல்லும் பரப்பி, குழந்தைகளை அதில் விளையாட விட்டனர். 28 நாட்களில் அவர்கள் தோலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களின் வகை பெருகியது. இரத்தத்தில் நோய் எதிர்ப்பைச் சீர்செய்யும் அடையாளங்களும் மேம்பட்டன. ஆகவே மண்ணை விலக்குவதைவிட மண்ணைச் சுத்தமாக வைப்பதே அறிவுடைமை. விளையாடி முடித்ததும் கைகால் கழுவ வேண்டுமே என்றால், ஐவேளை ஒளுச் செய்யும் சமுதாயத்துக்கு அது ஒரு சுமையா?

நம் நாட்டிலும் இது புதிதன்று. தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் மரத்தடியிலேயே பள்ளியைத் தொடங்கினார். அங்கே மரத்தடி வகுப்பு நூற்றாண்டைக் கடந்து நிலைத்துவிட்டது. நம் முன்னோர் நடத்திய திண்ணை மக்தபுகளும் வேப்ப மரக் காற்றில் நடந்தவையே அல்லவா?

ஓர் ஐயமும் விடையும்

நமது ஜமாஅத்தில் விஷயம் தெரிந்த ஒரு பெரியவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "அபூ தல்ஹா (ரலி) அவர்கள் தமது தோட்டத்தில் தொழுதபோது ஒரு பறவையின் பின்னே கண் போய், எத்தனை ரக்அத் தொழுதோம் என்பதே மறந்துவிட்டது. அந்தத் தோட்டத்தையே அவர்கள் துறந்துவிடவில்லையா? மரமும் பறவையும் கவனத்தைக் கெடுக்கும் என்பதற்கு இதுவே ஆதாரம் ஆகாதா?"

நல்ல கேள்வி. இச்செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் வருகிறது. மூன்று விஷயங்களைச் சிந்திக்க வேண்டும். முதலாவது, அது தொழுகையைப் பற்றியது. எட்டு வயதுப் பிள்ளையின் பாடநேரத்தைப் பற்றியதன்று. இரண்டாவது, அவர்கள் வயது வந்த ஸஹாபி. தம் மீது தாமே கண்டிப்புக் காட்டினார்கள், பிள்ளைகள் மீது காட்டவில்லை. மூன்றாவதே முக்கியம். அபூ தல்ஹா (ரலி) அவர்கள் அந்தத் தோட்டத்தை வெட்டி அழிக்கவில்லை. நபியவர்களிடம் வந்து, விரும்பியபடி பயன்படுத்துங்கள் என்று ஸதக்காவாகக் கொடுத்தார்கள். தமக்கு இடையூறான மரமும் பிறருக்கு நன்மை என்பதை அறிந்திருந்தார்கள். இதே ஸஹாபிதான் மஸ்ஜிதுந் நபவிக்கு எதிரே இருந்த 'பைருஹா' என்னும் தமது பேரீச்சந் தோட்டத்தையும் அல்லாஹ்வுக்காக ஈந்தவர்கள். அந்தத் தோட்டத்துக்குள் நபியவர்கள் சென்று இனிய நீர் அருந்துவது வழக்கம் என்று புகாரியில் காண்கிறோம். அன்றைய பள்ளிவாசலின் எதிரே பசுஞ்சோலை இருந்தது. நம்முடைய பள்ளிவாசலின் எதிரே என்ன இருக்கப் போகிறது?

காலிமனை யாருக்கு?

கடை கட்டுவது ஹராம் என்று நாம் ஃபத்வா கொடுக்கவில்லை. பள்ளிவாசலுக்கு வருமானம் வேண்டும். உண்மையைச் சொன்னால், அந்த வாடகையின் ஒரு பகுதி நமது சம்பளத்தை உயர்த்துவதற்கே. முத்தவல்லி ஹாஜியார் நல்ல மனிதர், "உங்களுக்காகத்தானே ஹஜ்ரத் பாடுபடுகிறோம்?" என்று கேட்டார். இரண்டு பிள்ளைகளை வைத்துக் கொண்டு மாதக் கடைசியில் கடன் கேட்கும் நமக்கு அந்தக் கேள்வி எளிதாக இல்லை.

மரத்தை வெட்டவே கூடாது என்றும் நாம் சொல்லவில்லை. மஸ்ஜிதுந் நபவி எழுந்த இடத்திலும் பேரீச்ச மரங்கள் இருந்தன. தேவைக்காக அவை வெட்டப்பட்டன. ஆனால் அந்த மனையின் வரலாற்றை முழுமையாகப் பார்க்க வேண்டும். அது ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களின் நிலம். நபியவர்கள் அச்சிறுவர்களை அழைத்து விலை பேசினார்கள். "இலவசமாகவே தருகிறோம்" என்று அவர்கள் சொன்னபோதும் ஏற்கவில்லை. விலை கொடுத்தே வாங்கினார்கள். அல்லாஹ்வின் வீட்டைக் கட்டுவதற்கே சிறுவரின் நிலத்தை விலையின்றி எடுக்காத நபியின் உம்மத்து நாம். பிள்ளைகள் ஓடியாடும் ஒரே இடத்தைக் கடைகளுக்காக எடுக்கும்போது அவர்களுக்கு என்ன விலை கொடுக்கிறோம்? அவர்களைக் கேட்டாவது பார்த்தோமா?

இலந்தை மரத்தை வெட்டுவோரைக் கண்டிக்கும் ஹதீஸுக்கு இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்களே விளக்கம் தந்துள்ளார்கள். வழிப்போக்கரும் கால்நடைகளும் நிழல் பெறும் மரத்தை வீணாகவும் உரிமையின்றியும் வெட்டுவதே அங்கே கண்டிக்கப்படுகிறது. மக்கள் ஒதுங்கும் நிழலை அசுத்தப்படுத்தக் கூடாது என்றும் தடை உண்டு. நிழல் என்பது பலருக்கும் உரிய ஹக்கு என்பது இவற்றால் விளங்கும். மரம் நட்டு, அதிலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் நட்டவருக்கு அது ஸதக்கா என்பதையும், கியாமத்து நெருங்கிவிட்டாலும் கையிலுள்ள நாற்றை நட்டுவிடும்படி ஏவப்பட்டிருப்பதையும் வாசகர்கள் அறிவார்கள்.

நாட்டின் சட்டத்தையும் சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கூடம் என்றால் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது. 2012-இல் வந்த திருத்தம், மத்ரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்திலிருந்து விலக்கியது. ஆகவே மைதானம் எங்கே என்று அரசு அதிகாரி யாரும் நம்மைக் கேட்கமாட்டார். ஆனால் ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலுள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்ற விதியிலிருந்து நமக்கு யார் விலக்கு அளித்தார்?

பெண் பிள்ளைகளையும் நினைக்க வேண்டும். பையன்கள் எப்படியும் தெருவிலோ பாலாற்று மணலிலோ ஓரிடம் தேடிக் கொள்வார்கள். பத்து வயதைத் தாண்டும் பெண் பிள்ளைக்கு அதுவும் இல்லை. சுற்றுச்சுவருக்குள், பெரியவர்களின் கண் பார்வையில் இருக்கும் இந்த நான்கு சென்ட்தான் அவளுடைய பூங்கா.

செய்ய வேண்டியவை

1. மக்தப் ஒரு மணி நேரம் என்றால், அதில் கால்மணி நேரத்தை வெளியே விடுங்கள். எஞ்சிய முக்கால்மணி நேரம் வீணாகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

2. ஒளுச் செய்த தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. சிறு வாய்க்கால் வெட்டி அதை மரத்தின் வேருக்குத் திருப்புங்கள். சோப்பு நீர் மட்டும் கலக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

3. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செடியைப் பொறுப்பாகக் கொடுங்கள். வேம்பு, புங்கன், பூவரசு, நாவல் ஆகியவை நம் மண்ணுக்கு ஏற்றவை. இடமில்லாத வீட்டில் மாடியில் ஒரு பழைய டின்னில் கீரை விதைத்தாலும் போதும். விதை முளைப்பதைப் பிள்ளை பார்க்க வேண்டும்.

4. ஞாயிறு அஸருக்குப் பின் அத்தாமார்கள் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாலாறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். 2021 நவம்பரில் போல வெள்ளமும் வரும். மணல் எடுத்த பள்ளங்களில் நீர் தேங்கியிருக்கும். ஆகவே பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். செல்போனை வீட்டில் வைத்துவிட்டு நீங்களும் கூடச் செல்லுங்கள்.

5. மஹல்லாச் சொத்துக்களைத் திட்டமிடும்போது வரவு, செலவு என்ற இரண்டு பத்திகளோடு 'பிள்ளைகள்' என்று மூன்றாவது பத்தி ஒன்றும் போடுங்கள்.

நமது ஜமாஅத்தின் கூட்டம் வரும் ஜும்ஆவுக்குப் பின் நடக்க இருக்கிறது. சாலை ஓரத்தில் மட்டும் இரண்டு கடைகள் கட்டி, மரம் நிற்கும் பின்பகுதியை மக்தபுக்கு விட்டுவிடலாம் என்று நாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வாடகை பாதியாகும், நமது சம்பள உயர்வும் பாதியாகும். அதை அறிந்தே எழுதினோம். என்ன முடிவாகும் என்று தெரியாது. கூட்டத்துக்கு முன் ஒருநாள் அஸருக்குப் பின் அரைமணி நேரம் வந்து மரத்தடியில் உட்காரும்படி நிர்வாகிகளிடம் கேட்டுக் கொண்டோம். முத்தவல்லி ஹாஜியார் வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு பொடியன் பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி செய்து அவர் கையில் கொடுத்தான். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒருமுறை ஊதினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும்போது இலையைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு போனார்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத்தையும், கண்களில் ஒளியையும், உடலில் ஆஃபியத்தையும் தருவானாக! அவர்களுடைய ஹக்கைக் கண்டு கொள்ளும் உள்ளத்தைப் பெரியவர்களாகிய நமக்கும் தருவானாக! ஆமீன்.